உறிஞ்சு லாரி உரம் தருமா?
கழிவு உறிஞ்சும் வண்டிகள் வேலை செய்யும் விதமும், அவற்றின் வகைகளும், உழவர் கவனிக்க வேண்டியவையும்

சேலம், நாமக்கல் மாவட்ட உழவர்களுக்கு லாரியைப் பற்றிப் பாடம் சொல்ல வேண்டியதில்லை. நாமக்கல் பட்டறைகளில் லாரிக்குக் கூண்டு கட்டுகிறார்கள். சமையல் எரிவாயு ஏற்றிச் செல்லும் டேங்கர் லாரிகளுக்கு நாமக்கல் பெயர்பெற்ற ஊர். திருச்செங்கோட்டிலிருந்து புறப்படும் ரிக் வண்டிகள் இந்தியாவின் பல மாநிலங்களில் ஆழ்துளைக் கிணறு போடுகின்றன. சங்ககிரிப் பக்கம் லாரித் தொழிலில் ஒருவராவது இல்லாத குடும்பத்தைக் காண்பது அரிது.

ஆனாலும் ஒரு வகை லாரியைப் பற்றி மட்டும் நம் உழவர்களுக்குப் போதிய விவரம் தெரியவில்லை. உருண்டையான டாங்கி, பக்கவாட்டில் சுற்றி வைத்த தடித்த குழாய், பின்புறம் பெரிய வால்வு. மக்கள் அதைச் "செப்டிக் டேங்க் வண்டி" என்கிறார்கள். நகரங்களும் பேரூராட்சிகளும் வளர வளர இவ்வண்டிகள் பெருகிவிட்டன. பொழுது சாயும் நேரத்தில் இவ்வண்டி தோட்டத்து வரப்போரம் வந்து நிற்கிறது. "நல்ல உரமுங்க, சும்மாவே இறக்கிட்டுப் போறோம்" என்கிறார் ஓட்டுநர். சில இடங்களில் உழவரே பணம் கொடுத்து வாங்கிக்கொள்வதும் உண்டு.

இதற்குச் சரி என்பதா, வேண்டாம் என்பதா? விடை சொல்ல மூன்று செய்திகள் தெரிய வேண்டும். வண்டி எப்படி வேலை செய்கிறது. அதில் எத்தனை வகை உண்டு. டாங்கிக்குள் இருப்பதன் உண்மையான மதிப்பு என்ன. இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உறிஞ்சுவது காற்றின் வேலையே

வண்டி கழிவை "இழுக்கிறது" என்று சொல்கிறோம். உண்மையில் இழுப்பது எதுவுமில்லை. நம்மைச் சூழ்ந்துள்ள காற்றுக்கு எடை உண்டு. கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பையும் காற்று சுமார் ஒரு கிலோ எடையுடன் அழுத்துகிறது. இதை 1643ஆம் ஆண்டில் இத்தாலியைச் சேர்ந்த டாரிசெல்லியின் பாதரசச் சோதனை தெளிவாக்கியது. காற்றின் அழுத்தம் 760 மில்லிமீட்டர் உயரப் பாதரசத்தைத் தாங்கி நிற்கும். தண்ணீராக இருந்தால் சுமார் 10.3 மீட்டர், அதாவது 34 அடி உயரம் தாங்கும்.

டாங்கிக்குள் இருக்கும் காற்றைப் பம்பு வெளியேற்றிவிட்டால் உள்ளே அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்றோ குழியில் உள்ள கழிவின் மேல் முன்போலவே அழுத்திக்கொண்டிருக்கிறது. அந்த அழுத்தமே கழிவைக் குழாய் வழியாக மேலே தள்ளி டாங்கிக்குள் சேர்க்கிறது.

இந்த விதி நம் கிணற்று மேட்டில் ஏற்கெனவே தெரிந்த விதிதான். இப்பகுதியில் கிணறுகள் ஆழமானவை. நீர்மட்டம் 25 அடிக்குக் கீழே போனதும் மேட்டில் வைத்த மோட்டார் தண்ணீர் எடுக்காமல் நின்றுவிடும். அதனால்தான் கிணற்றுக்குள்ளேயே திட்டுக் கட்டி மோட்டாரை இறக்கி வைத்தார்கள். எத்தனை குதிரைத்திறன் மோட்டார் போட்டாலும் காற்று தாங்கும் உயரத்துக்கு மேல் உறிஞ்சி எடுக்க முடியாது. உறிஞ்சு வண்டிக்கும் இதே எல்லைதான். அழுத்தமானி 500 மில்லிமீட்டர் காட்டினால் தண்ணீர் 6.8 மீட்டர் ஏறும். கழிவு தண்ணீரைவிடக் கெட்டியானது. குழாயில் உராய்வும் உண்டு. ஆகவே நடைமுறையில் 5 முதல் 6 மீட்டர் ஆழம் வரை வேலை சுலபமாக நடக்கும்.

அதற்கும் ஆழமான குழி என்றால் அனுபவமுள்ள வேலையாள் குழாயின் வாயைப் பாதி கழிவிலும் பாதி காற்றிலும் இருக்குமாறு பிடிப்பார். காற்றும் கழிவும் கலந்து துண்டு துண்டாக மேலே ஏறும். கலவையின் எடை குறைவதால் உயரமும் கூடும். ஆழ்துளைக் கிணற்றில் கம்ப்ரசர் காற்றைக் கலந்து தண்ணீரை மேலே கொண்டுவருவதற்கு இது நெருங்கிய உறவு.

வண்டியின் உறுப்புகள்

முதலாவது டாங்கி. இது வெறும் தண்ணீர் டாங்கி அன்று. ஒன்றரை மீட்டர் குறுக்களவுள்ள டாங்கியின் ஒரு முனைத் தகட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே 600 மில்லிமீட்டர் அளவுக்கு வெற்றிடம் உண்டானால் அத்தகட்டின் மேல் வெளிக்காற்று ஏறத்தாழ 14 டன் பாரத்தை ஏற்றுகிறது. ஆகையால் முனைகளைக் குவிந்த வடிவில் அமைத்து, உடலைச் சுற்றி வளையங்கள் பற்றவைத்துக் கட்டுகிறார்கள். சாதாரணத் தண்ணீர் டாங்கரில் வெற்றிடப் பம்பைப் பொருத்தினால் தகர டப்பாவைக் கையால் நசுக்கியது போல டாங்கி நெளிந்துவிடும்.

இரண்டாவது வெற்றிடப் பம்பு. பெரும்பாலான செப்டிக் டேங்க் வண்டிகளில் இருப்பது சுழல் தகட்டுப் பம்பு. உருண்டையான கூட்டுக்குள் மையம் விலகி ஓர் உருளை சுழல்கிறது. உருளையில் உள்ள பள்ளங்களில் தகடுகள் நழுவி வெளியே வந்து கூட்டின் சுவரைத் தொட்டபடி சுற்றுகின்றன. தகடுகளுக்கு இடையே உள்ள அறை ஒரு பக்கம் விரிந்து காற்றை வாங்குகிறது. மறு பக்கம் சுருங்கி வெளியே தள்ளுகிறது. பால் கறவை இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு இப்பம்பு புதிதன்று. கறவை இயந்திரங்கள் பலவற்றிலும் இதே அமைப்புதான். அங்கே மடிக்குத் தீங்கு வராமல் 300 முதல் 375 மில்லிமீட்டர் அளவோடு நிறுத்திக்கொள்கிறோம். இங்கே அதைப்போல் இரு மடங்கு வரை போகிறோம்.

பம்பைச் சுற்றுவது லாரியின் எஞ்சினே. கியர் பெட்டியிலிருந்து தனித் தண்டு எடுத்துப் பம்புக்குக் கொடுக்கிறார்கள். டிராக்டரின் பின்புறத் தண்டிலிருந்து ரோட்டவேட்டருக்கு விசை எடுப்பது போன்றதே இது.

மூன்றாவது நால்வழி வால்வு. இதன் கைப்பிடியை ஒரு பக்கம் திருப்பினால் பம்பு டாங்கியிலிருந்து காற்றை எடுக்கும். மறு பக்கம் திருப்பினால் அதே பம்பு வெளிக்காற்றை டாங்கிக்குள் செலுத்தும். அப்போது பம்பு கம்ப்ரசராக மாறிவிடுகிறது. உள்ளே இருக்கும் கழிவு பின்புற வால்வு வழியாக வேகமாக வெளியேறும்.

நான்காவது காவல் கருவிகள். டாங்கி நிறைந்ததும் மிதவைப் பந்து மேலெழுந்து காற்று வழியை அடைக்கும். கழிவு பம்புக்குள் போகாது. அதையும் மீறி வரும் ஈரத்தையும் நுரையையும் தடுக்க இடையில் ஒரு பிரிப்புக் குடுவை இருக்கும். அழுத்தம் மிகுந்தால் தானே திறந்துகொள்ளும் வால்வு, அழுத்தமானி, உள்ளே எவ்வளவு நிறைந்துள்ளது என்று காட்டும் கண்ணாடி ஆகியவையும் வேண்டும். இவற்றில் ஒன்று பழுதானாலும் வண்டியை வேலைக்கு எடுக்கக் கூடாது.

எத்தனை வகை?

வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல் தோன்றினாலும் இவ்வண்டிகள் பலவகை. வகை தெரிந்தால் உள்ளே என்ன இருக்கக்கூடும் என்பதை ஓரளவு ஊகிக்கலாம்.

1. செப்டிக் டேங்க் வண்டி: 5,000 முதல் 10,000 லிட்டர் வரை கொள்ளும் லாரிகளும், குறுகிய தெருக்களில் நுழைய 3,000 முதல் 4,000 லிட்டர் கொள்ளும் டிராக்டர் டாங்கிகளும் உண்டு. மனிதக் கழிவுக் கசடும் நீரும் இதில் வரும்.

2. பீய்ச்சி உறிஞ்சும் வண்டி: மாநகராட்சி, நகராட்சிகளில் பாதாளச் சாக்கடை அடைப்பை எடுக்கப் பயன்படுவது. டாங்கி இரு அறைகளாக இருக்கும். ஒன்றில் நல்ல தண்ணீர். அதைச் சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோவுக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் பீய்ச்சி அடைப்பை உடைக்கிறார்கள். உடைந்த கசடை மற்ற அறைக்கு உறிஞ்சுகிறார்கள். நம் விசைத் தெளிப்பானின் அழுத்தத்தைப் போலப் பல மடங்கு இது.

3. ஆலைக் கழிவு நீர்ம வண்டி: எண்ணெய்க் கசடு, அமிலம் கலந்த நீர், சாய நீர் போன்றவற்றை எடுப்பது. பெரும்பாலும் நீர்வளையப் பம்பு இருக்கும். இதில் மையம் விலகிச் சுழலும் இறக்கைச் சக்கரம் கூட்டுக்குள் உள்ள தண்ணீரை விளிம்புக்கு வீசி ஒரு வளையமாக்குகிறது. அந்த நீர் வளையமே தகடுகளின் வேலையைச் செய்கிறது. உள்ளே சூடு ஏறுவதில்லை. ஆகவே தீப்பற்றும் ஆவிகளுக்கு ஏற்றது. டாங்கியின் உட்புறத்தில் ரப்பர் பூச்சு இருக்கலாம். டாங்கியே துருப்பிடிக்காத எஃகாகவும் இருக்கலாம்.

4. உலர் தூசி உறிஞ்சும் வண்டி: சிமெண்ட் ஆலை, உருக்காலை, அனல் மின் நிலையம் ஆகிய இடங்களில் சிந்திய தூள், சாம்பல், மணல், ஜல்லி ஆகியவற்றை வாருவது. இங்கே வெற்றிடத்தைவிடக் காற்றின் வேகமே முக்கியம். பெரிய ஊதுபம்பு சூறைக்காற்றுப் போல் காற்றை இழுக்கும். தூசி காற்றோடு பறந்து டாங்கிக்கு வரும். அங்கே சுழற்கூம்பில் கனமான துகள் கீழே விழும்; நுண் தூசியைத் துணிப் பைகள் பிடித்துக்கொள்ளும். அரிசி ஆலையில் தவிடு பிரிக்கும் கூம்பைப் பார்த்தவர்கள் இதை உடனே புரிந்துகொள்வார்கள். களத்தில் காற்று வீசும் திசை பார்த்துத் தூற்றுவதும் இதே தத்துவம்தான்.

5. மண் தோண்டும் உறிஞ்சு வண்டி: கனடா, அமெரிக்கா போன்ற நாடுகளில் பரவலாக உள்ளது. எரிவாயுக் குழாய், மின்கேபிள் புதைந்த இடத்தில் கடப்பாரை போட்டால் ஆபத்து. ஆகவே தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைச் சேறாக்கி அதையே உறிஞ்சி எடுத்துப் பள்ளம் தோண்டுகிறார்கள்.

6. பண்ணைச் சாணக் கரைசல் வண்டி: நெதர்லாந்து போன்ற கறவை நாடுகளில் உழவர்களே டிராக்டரில் இணைத்து ஓட்டுவது. தொழுவத்துச் சாணமும் மூத்திரமும் கலந்த கரைசலை உறிஞ்சி, வயலில் கொழுப் போன்ற கருவியால் மண்ணைக் கீறி உள்ளேயே விடுகிறார்கள். தழைச்சத்து ஆவியாகி வீணாவதில்லை.

மேட்டூர் அனல் மின் நிலையத்திலிருந்து சாம்பல் ஏற்றிச் செல்லும் பெரிய குடுவை லாரிகளை இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அவை உறிஞ்சுவதில்லை. மேலிருந்து சாம்பலை நிரப்புகிறார்கள். இறக்கும்போது கம்ப்ரசர் காற்றைச் செலுத்திச் சாம்பலைத் தண்ணீர்போல் இளக்கிக் குழாய் வழியே தள்ளுகிறார்கள்.

ஒரு லோடின் உர மதிப்பு எவ்வளவு?

இப்போது ஓட்டுநர் சொன்ன "நல்ல உரம்" என்ற பேச்சுக்கு வருவோம். கணக்குப் போட்டுப் பார்ப்பதே நல்லது.

செப்டிக் டேங்கிலிருந்து எடுக்கும் கழிவில் பெரும்பகுதி தண்ணீரே. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் தன் கையேடுகளில் இதற்கு ஒரு பொது அளவு தந்துள்ளது. ஒரு லிட்டரில் திடப்பொருள் 40 கிராம், தழைச்சத்து 700 மில்லிகிராம், பாஸ்பரஸ் 250 மில்லிகிராம். ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு இது மாறும். ஆனாலும் கணக்குக்கு இதை எடுத்துக்கொள்ளலாம்.

5,000 லிட்டர் லோடு ஒன்றில் தழைச்சத்து மூன்றரைக் கிலோ. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து உள்ளதால் இது சுமார் ஏழரைக் கிலோ யூரியாவுக்குச் சமம். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு என்றால் லோடு ஒன்றிலுள்ள தழைச்சத்தின் விலை ஏறத்தாழ 45 ரூபாய்தான்! மணிச்சத்தைக் கணக்கிட்டால் சுமார் 18 கிலோ சூப்பர் பாஸ்பேட்டுக்குச் சமம். சாம்பல் சத்து நீரோடு பெரும்பாலும் போய்விடுவதால் குறைவே.

இதையே வேறு விதமாகப் பார்ப்போம். நன்கு மக்கிய தொழு உரத்தில் அரை சதவீதம் தழைச்சத்து உண்டு. 700 கிலோ தொழு உரம் போட்டால் இதே மூன்றரைக் கிலோ கிடைத்துவிடும். கோழி எருவில் சுமார் 3 சதவீதம் தழைச்சத்து உண்டு. 120 கிலோ கோழி எருவே போதும். நாமக்கல்லில் கோழிப் பண்ணைகள் இருக்கும்போது 120 கிலோ எருவுக்காக ஒரு லாரி மனிதக் கழிவைத் தோட்டத்தில் இறக்க வேண்டுமா என்பதை உழவர்களே எண்ணிப் பார்க்க வேண்டும்.

இறவை மரவள்ளிக்கு ஏக்கருக்கு 36 கிலோ தழைச்சத்துப் பரிந்துரை. அதைச் செப்டிக் டேங்க் கழிவால் மட்டும் தர வேண்டுமானால் ஏக்கருக்குப் பத்து லோடு, அதாவது 50,000 லிட்டர் இறக்க வேண்டியிருக்கும். பத்து லோடு கண்ட தோட்டத்தின் கதி என்ன என்பதை அடுத்துப் பார்ப்போம்.

கண்ணுக்குத் தெரியாத செலவு

முதல் ஆபத்து குடற்புழு. உருண்டைப் புழுவின் முட்டை கெட்டியான ஓடு உள்ளது. மண்ணில் மாதக்கணக்கிலும், ஈரமும் நிழலும் இருந்தால் ஆண்டுக்கணக்கிலும் உயிரோடு கிடக்கும். வெறுங்காலோடும் வெறுங்கையோடும் வேலை செய்யும் பெண்களுக்கும், வரப்பில் விளையாடும் குழந்தைகளுக்கும் முதலில் வருவது இதுவே. கொக்கிப் புழு காலின் தோலைத் துளைத்தே உடலுக்குள் புகும். இவற்றோடு வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை ஆகியவற்றின் கிருமிகளும் வரும்.

இரண்டாவது கிணறு. நம் மாவட்டங்களில் மேல்மண்ணுக்கும் சிதைந்த பாறைக்கும் கீழே கடும்பாறை. பாறை வெடிப்புகளே நீரோட்டம். கிணற்றுக்கு மேற்புறத்தில் கொட்டிய கழிவு வெடிப்பு வழியாக வடிகட்டப்படாமலே கிணற்றை அடையக்கூடும். அந்தக் கிணறு உங்களுடையதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பக்கத்துத் தோட்டத்தாருடையதாகவும் இருக்கலாம். நைட்ரேட் உப்பு மிகுந்த நீர் பச்சைக் குழந்தைகளுக்குத் தீங்கானது.

மூன்றாவது, எல்லாவற்றிலும் கொடியது, வண்டி மாறி வருவது. செப்டிக் டேங்க் கழிவு என்று சொல்லிச் சாயப்பட்டறைக் கசடோ, முலாம் பூசும் பட்டறையின் அமிலமோ வந்தால் நிலத்தின் கதி என்ன? மனிதக் கழிவுக் கிருமி ஓரிரு ஆண்டில் அழியும். குரோமியம், நிக்கல், காட்மியம் போன்ற கன உலோகங்கள் தலைமுறைகள் கடந்தும் மண்ணிலேயே தங்கும். நொய்யல் ஆற்றின் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவு தேங்கி, அப்பகுதி உழவர்களின் கிணறுகளும் நிலங்களும் கெட்ட வரலாறு நமக்கு அருகிலேயே நடந்தது. 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும் அளவுக்கு அது போயிற்று. ஆற்றில் கலந்ததாவது ஊரறிய நடந்தது. இரவில் ஒரு வண்டி உங்கள் வயலில் இறக்கிவிட்டுப் போனால் சாட்சி சொல்ல யாரும் இல்லை.

எப்படி அடையாளம் காண்பது? செப்டிக் டேங்க் கழிவு கறுப்பு அல்லது சாம்பல் நிறம். அழுகிய முட்டை நாற்றம். சிவப்பு, நீலம், பச்சை போன்ற சாயல் இருந்தாலும், மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தாலும், மூக்கைக் காரமாக அரித்தாலும், மண்ணில் பட்டதும் நுரைத்துப் பொங்கினாலும் அது வேறு சரக்கு. உடனே இறக்குவதை நிறுத்தச் சொல்லுங்கள். வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் தெரிவியுங்கள். நிறமும் நாற்றமும் இல்லாத நஞ்சும் உண்டு என்பதால் இந்த அடையாளங்களை மட்டும் நம்பிவிடவும் கூடாது.

விதிகள் என்ன சொல்கின்றன?

தமிழ்நாடு அரசு 2014ஆம் ஆண்டில் கழிவுக் கசடு மேலாண்மைக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. வண்டிகள் கழிவை அதற்கெனக் குறித்த சுத்திகரிப்பு நிலையத்தில்தான் இறக்க வேண்டும். ஓடையிலும் ஏரியிலும் கொட்டுவது 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி குற்றம். கர்நாடகத்தில் தேவனஹள்ளியில் 2015ஆம் ஆண்டிலும், அதன் பின் நம் மாநிலத்தில் செங்கல்பட்டுப் பக்கம் கருங்குழியிலும் கசடு சுத்திகரிப்பு நிலையங்கள் ஏற்பட்டன. இத்தகைய நிலையங்களில் கசடை மணற்படுகையில் உலர்த்துகிறார்கள். அதைக் குப்பையோடு சேர்த்து மக்கவைத்தால் உரமாகவும் ஆகும்.

மனிதக் கழிவை உரமாக்குவது தவறான எண்ணம் அன்று. பச்சையாகப் போடுவதே தவறு. உலகச் சுகாதார நிறுவனம் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிகளின்படி, 20 டிகிரிக்கு மேல் வெப்பமுள்ள நாடுகளில் கசடை ஓராண்டுக்கு மேல் புதுக் கழிவு சேர்க்காமல் வைத்திருக்க வேண்டும். உலர்ந்த கசடு ஒரு கிராமில் புழு முட்டை ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது.

அமெரிக்க விதி இன்னும் கண்டிப்பானது. செப்டிக் டேங்க் கழிவை நிலத்தில் இட்டால் மண்ணைத் தொடும் காய்கறிகளை 14 மாதங்களுக்கு அறுவடை செய்யக் கூடாது. மண்ணுக்குள் விளையும் கிழங்கு வகைகளுக்கு 38 மாதங்கள் வரை காத்திருக்க வேண்டும். ஆடு மாடு மேய 30 நாட்கள் பொறுக்க வேண்டும். மரவள்ளி, மஞ்சள், நிலக்கடலை, சின்ன வெங்காயம் ஆகியவை மண்ணுக்குள் விளையும் பயிர்கள். இவற்றை நம்பியுள்ள சேலம், நாமக்கல் உழவர் ஒரு லோடு கழிவுக்காக மூன்றாண்டுக்கு மேல் அப்பயிர்களை விட்டு வைக்க முடியுமா?

உயிரை வாங்கும் குழி

வண்டி வந்தபோது மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பது நம்மவர் வழக்கம். செப்டிக் டேங்கிலும் வண்டியின் டாங்கியிலும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு தேங்கும். சிறிதளவு இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் தெரியும். பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவுக்கு ஏறினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. ஆயிரம் பங்கை நெருங்கினால் ஓரிரு மூச்சில் ஆள் சாய்வார். நாற்றம் இல்லை என்பது ஆபத்து இல்லை என்பதற்கு அடையாளம் அன்று. சாண எரிவாயுவில் உள்ள மீத்தேனும் அங்கே உண்டு. பீடி நெருப்பே வெடிக்கப் போதும்.

ஒருவர் விழுந்தால் காப்பாற்ற அடுத்தவர் இறங்குவதும், அவரும் மடிவதும் இத்தகைய விபத்துகளில் திரும்பத் திரும்ப நடப்பது. மனிதரைக் குழிக்குள் இறக்கிக் கழிவகற்றுவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. சாக்கடைக் குழியில் இறப்போர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. பணம் எவ்வளவு ஆனாலும் போன உயிர் வராது. உங்கள் வீட்டுத் தொட்டியைச் சுத்தம் செய்ய யாரையும் உள்ளே இறங்க விடாதீர்கள். அடியில் கசடு இறுகிவிட்டால் தண்ணீர் பீய்ச்சி இளக்கி வண்டியால் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துவிட்டால் இறுகாது. யாரேனும் விழுந்தால் நீங்கள் இறங்காமல் 101, 108 எண்களுக்கு உடனே சொல்லுங்கள்.

வண்டி இறக்கும்போது டாங்கிக்குள் அழுத்தம் இருக்கும். பின்புறக் கதவுக்கு நேரே நிற்கக் கூடாது. உறிஞ்சும்போது குழாய் வாய்க்கு அருகே கையைக் கொண்டு போகக் கூடாது. கழிவு ஏற்றிய டாங்கியில் குடிநீரோ, மாட்டுக்குத் தண்ணீரோ, மருந்து தெளிக்கத் தண்ணீரோ கொண்டுவரக் கூடாது. எத்தனை முறை கழுவினாலும் அது கழிவு டாங்கியே.

உழவர் செய்ய வேண்டியவை

• உள்ளாட்சி உரிமம் இல்லாத வண்டியை வயலில் இறக்க விடாதீர்கள். எங்கே எடுத்த கழிவு என்று சொல்லாத வண்டியைத் திருப்பி அனுப்புங்கள்.

• பச்சைக் கழிவை எந்த உணவுப் பயிருக்கும் இடாதீர்கள். கிழங்கு, கடலை, கீரை, காய்கறிக்கு அறவே கூடாது.

• சுத்திகரிப்பு நிலையத்தில் உலர்த்தி மக்கவைத்த உரம் கிடைத்தால், புழு முட்டைக்கும் கன உலோகத்துக்கும் சோதனை செய்த சான்றைக் கேட்டு வாங்குங்கள். உழவுக்கு முன் அடியுரமாக இட்டு மண்ணோடு கலந்து, இட்டதற்கும் அறுவடைக்கும் குறைந்தது ஒரு மாத இடைவெளி விடுங்கள். தீவனப் பயிர், மரப்பயிர்களுக்கு இடுவது மேலும் நல்லது. கையுறையும் காலணியும் அவசியம்.

• முன்பே கழிவு இறக்கிய நிலமாக இருந்தால் கிழங்குப் பயிரைத் தள்ளிவைத்துச் சோளம், மக்காச்சோளம் போன்ற மண்ணைத் தொடாத பயிருக்கு மாறுங்கள். மண்ணையும் கிணற்று நீரையும் சோதனைக்கு அனுப்புங்கள். குடிநீரைக் காய்ச்சிக் குடியுங்கள். வீட்டிலுள்ள அனைவரும் மருத்துவர் சொற்படி குடற்புழு மருந்து உட்கொள்ளுங்கள்.

• உறிஞ்சு வண்டியின் நல்ல பயன் வேறு உண்டு. சாண எரிவாயுக் கலத்திலிருந்து வெளிவரும் கரைசல், தொழுவத்து மூத்திரக் குழி நீர் ஆகியவற்றைக் கூடை கூடையாகச் சுமப்பது கடினம். நாலைந்து பண்ணையாளர்கள் கூடி 3,000 லிட்டர் டிராக்டர் டாங்கி ஒன்றைப் புதிதாகச் செய்துகொண்டால் தென்னைக்கும் தீவனப்புல்லுக்கும் எளிதில் பாய்ச்சலாம். டேங்கர் கட்டும் திறமை நம் பட்டறைகளிலேயே உள்ளது. ஆனால் அந்த டாங்கியை வேறு எந்தக் கழிவுக்கும் வாடகைக்கு விடக் கூடாது.

மண் ஆய்வு, உர அளவு பற்றிய ஐயங்களுக்குச் சேலம் மாவட்ட உழவர்கள் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தையும், நாமக்கல் மாவட்ட உழவர்கள் நாமக்கல் வேளாண் அறிவியல் நிலையத்தையும், மரவள்ளி பற்றி ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தையும் அணுகலாம்.

45 ரூபாய் தழைச்சத்துக்காக மண்ணையும் கிணற்றையும் பணயம் வைக்க வேண்டியதில்லை. வரப்போரம் வண்டி வந்து நின்றால், என்ன கழிவு, எங்கே எடுத்தது, உரிமம் எங்கே என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மூன்றுக்கும் நேரான விடை வந்தாலும், "சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டு போங்க" என்று சொல்லி அனுப்புங்கள்.